பசில் துண்டு அலங்காரம் சொதப்பினால்: டெல்லிக் குளிரில் எதைப் பார்க்க வேண்டும்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் எங்கள் ஆர்.கே. புரம் வீட்டின் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் இருக்காது. படிக்கட்டைச் சுற்றியிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர், ஒரு துணிப்பை நிறையப் பழைய ஜிக்சா பசில் துண்டுகள், வெள்ளைப் பசை, பச்சைப் பெயின்ட். பனிப்பூ, மான் முகம், கிறிஸ்துமஸ் மரம், வாசலில் மாட்டும் வளையம் என்று செய்து தள்ளுவார்கள். இதில் ஒரு தடவையாவது கெடாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் "ஆண்ட்டி, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால், பார்த்த உடனே காரணம் சொல்லும் அளவுக்குத் தேர்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு துண்டை எடுத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். மேலே படம் அச்சடித்த மெல்லிய தாள். தாளின் மேல் பளபளக்கும் ஒரு பூச்சு. அடியில் காகிதக் கூழை அழுத்திச் செய்த சாம்பல் நிற அட்டை, சுமார் 2 மி.மீ. கனம். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் குழந்தைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளை ஒட்டி அறுத்து விற்றார். அந்த மரத்துண்டு கொஞ்சம் தண்ணீரைத் தாங்கியிருக்கும். நம் கையில் இருப்பது காகிதம். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், அது காகிதம் என்பதை மறந்ததால் வந்தவை. மீதி, டெல்லிக் குளிர் செய்தவை.

ரப்பர் போல் அமுங்கும் ஃபோம் எழுத்துப் பசில்களுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தாது. மரத்தூள் பலகைத் துண்டுகளுக்கு ஓரளவு பொருந்தும்.

"ராத்திரி ஒட்டினேன், காலையில் கையோடு வந்துவிட்டது"

எனக்கு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். பசையைத் திட்டுவதற்கு முன்னால் ஒட்டிய இடத்தை உற்றுப் பாருங்கள். ஒழுங்காகக் காய்ந்த வெள்ளைப் பசை நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். உங்கள் துண்டில் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக வருகிறதா? குளிரில் ஒட்டியிருக்கிறீர்கள்.

ஃபெவிகால் என்று பொதுப்பெயராகவே நாம் சொல்லும் இந்த வகை வெள்ளைப் பசை, தண்ணீரில் மிதக்கும் பிசின் துளிகள்தான். தண்ணீர் போனதும் துளிகள் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே படலமாக ஆக வேண்டும். இளகுவதற்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும். டிசம்பர் கடைசியில் இங்கே இரவு வெப்பம் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது தண்ணீர் போய்விடும், துளிகள் மட்டும் சேராமல் தனித்தனியாக விறைத்து நிற்கும். அதுதான் அந்த வெள்ளைப் பொடி. பிறகு வெயிலில் வைத்தாலும் ஹீட்டர் முன்னால் வைத்தாலும் அது திரும்பப் பசையாகாது. சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, புதிதாக ஒட்டுவதுதான் வழி.

எப்போது ஒட்டுவது? இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இட்லி மாவு. டெல்லியில் டிசம்பரில் மாவு புளிக்க வைப்பது என்ன பாடு என்று இங்கே இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நேற்று ராத்திரி அடுப்பங்கரை மேடையில் வைத்த மாவு கல் மாதிரி அப்படியே இருந்தால், அதே மேடையில் பசையும் சேராது. மாவை எங்கே ஒளித்து வைத்துப் பொங்க வைக்கிறீர்களோ, பசைக்கும் அதே இடம்தான். எங்கள் வீட்டில் அது கேக் அவன். சூடாக்கும் பக்கம் போகாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் போட்டுவிட்டு, ஈரம் வெளியேறக் கதவில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி இடைவெளி விட்டால் போதும். மாவும் பசையும் ஒரே ராத்திரியில் வேண்டாம். அவனில் பொருள் இருக்கிறது என்று கதவில் சீட்டு ஒட்டுங்கள், யாராவது பார்க்காமல் திருகிவிடுவார்கள்.

அவன் இல்லாதவர்கள் பகல் 11 மணியிலிருந்து 3 மணிக்குள் வெயில் விழும் ஜன்னலோரம் ஒட்டட்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துண்டுகளையும் பசை டப்பாவையும் அறைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பால்கனிப் பெட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த துண்டு தொட்டாலே சில்லென்றிருக்கும். மொசைக் தரை அதைவிட மோசம். அடியில் ஒரு மணையோ பழைய பெட்ஷீட்டோ போட்டுக்கொள்ளுங்கள். கீசர் ஓடிய குளியலறை கதகதப்பாக இருக்கிறதே என்று அங்கே வைக்காதீர்கள், அங்கே இருப்பது நீராவி. நன்றாக இறுக ஒரு முழு நாள் வேண்டும். நடுவில் தொட்டுப் பார்க்கும் கை யாருடையது என்று உங்களுக்கே தெரியும், அவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

பசை கண்ணாடியாகத்தான் காய்ந்திருக்கிறது, ஆனாலும் தகடு மாதிரி உரிந்து வருகிறது என்றால் காரணம் வேறு. படத்தின் பளபளப்பின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். அடுத்து ஒட்டும்போது ஒன்றின் சாம்பல் முதுகு மற்றதன் முகத்தில் படும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

குளூ கன் வைத்திருப்பவர்களுக்கும் இதே குளிர்தான் எதிரி. சூடான பசை சில்லென்ற அட்டையில் பட்ட உடனே தோல் கட்டிவிடும், உள்ளே பிடிக்காது. துண்டைக் கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு, சொட்டு வைத்த 2, 3 விநாடிக்குள் அழுத்துங்கள். சொட்டுச் சொட்டாகத் துப்பும் அந்த உடனடிப் பசையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அட்டை அதை உறிஞ்சிவிடும், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி கறை விழும். அதைவிட முக்கியம், பருத்தி அல்லது கம்பளியில் அது பட்டால் சுரீரென்று சுடும். குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு பிள்ளைகள் உட்காரும் ஊர் இது.

"துண்டு ஊதிவிட்டது, ஓரம் பிளக்கிறது"

தண்ணீர். வேறு காரணம் தேட வேண்டாம். பெயின்டில் தண்ணீரை அதிகம் கலந்தீர்கள், அல்லது பழைய சாமான் விற்கும் கபாடிவாலாவிடம் வாங்கிய துண்டு அழுக்காக இருக்கிறது என்று கழுவினீர்கள். இரண்டாவதை நானும் ஒரு வருஷம் செய்தேன். வடிகட்டியில் போட்டு அரிசி மாதிரி அலசினேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் தடிமன் ஏறி, படத்தாள் தனியே, அட்டை தனியே என்று அப்பளம் உரிந்த மாதிரி கிடந்தன. அழுக்குக்கு ஈரத்துணியை இறுகப் பிழிந்து ஒரு துடைப்பு, உடனே காய்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. அதற்கு மேல் போகாத அழுக்கு பெயின்டுக்கு அடியில் மறைந்துவிடும்.

பிளந்த துண்டைக் காப்பாற்றலாம். முழுக்க உலர விடுங்கள். பல்குச்சி நுனியில் பசை தொட்டு இடுக்கில் செலுத்தி, துணி கிளிப் போட்டுக் கவ்வி வையுங்கள். ஊதியது பழையபடி சப்பையாக ஆகாது. அதை மரத்தின் நடுப்பகுதியில், இரண்டு துண்டுகளுக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

ஊதாமல் கிண்ணம் மாதிரி வளைந்தால், ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். அடித்த பக்கம் காயும்போது சுருங்கி இழுக்கிறது. பின்பக்கமும் மெலிதாக ஒரு கோட் கொடுத்து, தொட்டால் ஒட்டாத பதத்தில் பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றுங்கள். ஹீட்டர் அருகில் வைத்துக் காய வைத்த துண்டுகளும் இப்படித்தான் வளையும்.

"பெயின்ட் பிடிக்கவில்லை, படம் தெரிகிறது"

சுருக்கமான பதில்: திருப்பிப் போட்டு முதுகில் அடியுங்கள். அங்கே பளபளப்பு இல்லை, அக்ரிலிக் பெயின்ட் உடனே பிடித்துக்கொள்ளும். துண்டின் வடிவம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறும், அவ்வளவுதான். அலங்காரத்துக்கு அதனால் ஒன்றும் குறையாது.

முகத்தில்தான் அடிக்க வேண்டும் என்றால் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் வரை தேயுங்கள். உங்கள் மூக்கை மூடி ஒரு கைக்குட்டை கட்டிக்கொள்ளுங்கள், வெளியே இழுக்கும் புகை போதாதென்று காகிதத் தூள் வேறு எதற்கு. முதலில் வெள்ளை ஒரு கோட், அதன் மேல்தான் நிறம். வெள்ளைப் பனிப்பூவுக்கு மட்டும் 3 கோட் வரை பிடிக்கும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் துண்டின் குமிழும் பள்ளமும் அடைபட்டு, அது பசில் துண்டு என்பதே தெரியாமல் போகும். அது தெரிவதில்தானே அழகு.

"ஸ்ப்ரே அடித்தேன், வெண்மேகம் படர்ந்துவிட்டது"

காலை மூடுபனியில் பால்கனியில் நின்று அடித்திருப்பீர்கள். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனித்துப் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த மேகம் அதுதான். லேசானதாக இருந்தால், வெயில் ஏறிய பிறகு அதே ஸ்ப்ரேயை மெலிதாக ஒரு முறை மேலே அடித்தால் பெரும்பாலும் கரைந்து தெளிந்துவிடும். கெட்டியானதாக இருந்தால் அதற்குப் பனி விழுந்த மரம் என்று பெயர் வைத்துவிடுங்கள். ஒரு வருஷம் அப்படி மூன்று மரங்கள் எங்கள் படிக்கட்டில் பாராட்டு வாங்கின.

சொட்டு வழிந்தால் கிட்டத்தில் பிடித்திருக்கிறீர்கள். 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசுங்கள். பிசிறு பிசிறாக வந்தால் டப்பா குளிர்ந்திருக்கிறது. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, நன்றாகக் குலுக்குங்கள். ஹீட்டர் பக்கத்திலோ அடுப்புப் பக்கத்திலோ அந்த டப்பா போகவே கூடாது. உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. அடித்த துண்டுகளை ஹீட்டர் முன்னால் காய வைப்பதும் கூடாது.

"பனிப்பூ கோணலாக இருக்கிறது"

இதில் எனக்குக் கொஞ்சம் மோகம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசில் துண்டுக்கு நாலு பக்கம். இஷ்டத்துக்கு அடுக்கினால் 4 கை அல்லது 8 கை வரும். உண்மையான பனிப்பூவுக்கு 6 கை. உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்துக்கொள்கின்றன, அதிலிருந்து வரும் ஆறு. ஏன் எப்போதும் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611-லேயே கேட்டு எழுதியிருக்கிறார். மூலக்கூறு என்பதே தெரியாத காலத்தில், நெருக்கமாக அடுக்கிய உருண்டைகளை வைத்து யோசித்துப் பார்த்திருக்கிறார்.

பிள்ளைகள் 6 கை வைக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் நெருங்கி மறு பக்கம் விரிந்து, அடிபட்ட சிலந்தி மாதிரி ஆகிவிடுகிறது. கோணமானியைக் கொடுத்துப் பார்த்தேன், சண்டைதான் வந்தது. மார்கழி பிறந்த அன்று வாசலில் உட்கார்ந்து இடுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. 5 புள்ளி, இடுக்குப் புள்ளி 3 வரை. நடு வரிசையில் 5, மேலும் கீழும் 4, அப்புறம் 3. மொத்தம் 19 புள்ளி, வெளிக்கோடு அச்சு அசலாக அறுகோணம்! பனிப்பூவுக்கு வேண்டிய வார்ப்பு இத்தனை வருஷமும் நம் கோல நோட்டில்தான் கிடந்திருக்கிறது.

ஒரு தாளில் இந்தப் புள்ளிகளை வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். நடுப்புள்ளியில் ஒரு துண்டு. அங்கிருந்து ஆறு மூலைக்கும் போகும் கோட்டில் இரண்டிரண்டு. ஆக 13 துண்டில் பனிப்பூ தயார். மிச்சமிருக்கும் 6 புள்ளியில் சின்னத் துண்டு வைத்தால் இன்னும் நிறைவாக இருக்கும். பெரிதாக வேண்டுமென்றால் 7 புள்ளி, இடுக்கு 4 வரை. அதில் நடுவும் கைகளும் சேர்த்து 19 துண்டு.

இப்படி வைத்தும் பூ மேலும் கீழுமாக இழுத்துவிட்ட மாதிரி நீண்டிருக்கிறதா? வரிசைகளை அகலமாக விட்டிருக்கிறீர்கள். புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 1.7 செ.மீ.தான் இருக்க வேண்டும். தரையில் கோலம் போடும்போது கண் இதைச் சரிக்கட்டிவிடும், அட்டையில் மாட்டிக்கொள்வோம். 2 செ.மீ. கணக்கு 1000 துண்டு பசிலுக்கு ஏறக்குறையப் பொருந்தும். குழந்தைகள் பசிலின் பெரிய துண்டு என்றால் துண்டின் அகலத்தை அளந்து, அதற்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) குறைவாகப் புள்ளி வையுங்கள். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறினால்தான் பசை பிடிக்க இடம் கிடைக்கும்.

"மான் செய்தேன், ஆடு வந்தது"

கொம்புக்கு ஒற்றைக் குமிழ் உள்ள துண்டை வைத்திருக்கிறீர்கள். அது காது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் குமிழ் உள்ள துண்டாகத் தேடி, குமிழ்கள் மேலே வெளிப்புறம் பார்க்கும்படி திருப்புங்கள். மூக்கு சிவப்பாக இருந்தால் மீதியைப் பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

"வளையம் நடுவில் தொங்கிவிட்டது"

துண்டுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி வளையம் செய்தால் அதன் கனத்துக்கு அதுவே வளையும். அடியில் ஒரு அட்டை வேண்டும். பீட்சா பெட்டி அட்டை நெளிநெளியானது, கொஞ்ச நாளில் மடங்கும். இருப்பதிலேயே நல்லது தினசரி நாட்காட்டியின் பின்னட்டை. டிசம்பர் கடைசியில் தாள் எல்லாம் கிழிந்து அது எப்படியும் ஓய்வு பெறப்போகிறது, ஊரிலிருந்து அடுத்தது வரும். தட்டு வைத்து வெளிவட்டம், கிண்ணம் வைத்து உள்வட்டம் வரைந்து வெட்டுங்கள். முதல் அடுக்குத் துண்டுகளை அட்டையில் ஒட்டி, அது காய்ந்த மறுநாள் இரண்டாவது அடுக்கு. ஒரே நாளில் இரண்டையும் ஏற்றினால் மேலடுக்கு மெல்ல வழுக்கி இறங்கும்.

இதை மலர்வளையம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். மாமியார் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, "வாசல்ல மலர்வளையமா? யாருக்கு என்னடி ஆச்சு?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வட்டத் தோரணம்.

"தொங்கவிட்டால் முதுகைக் காட்டுகிறது" / "ஓட்டை கிழிந்துவிட்டது"

ஒற்றை நூலில் தொங்கும் எதுவும் சுற்றத்தான் செய்யும். இரண்டு இடத்தில் நூல் கட்டி மேலே முடிச்சிடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் முகமாகச் செய்துவிடுங்கள். ஓட்டை போட பஞ்சிங் மிஷின் வேண்டாம். அது துண்டின் பாதியைத் தின்றுவிடும். காம்பஸ் முள்ளால் சுழற்றிச் சுழற்றித் துளைத்து, துளைக்குள் ஒரு துளி பசை விட்டுக் காய வைத்தால் ஓரம் பிசிறாது. அதைவிடச் சுலபம், குமிழின் கழுத்தில் நூலைச் சுற்றிக் கட்டுவது. துண்டுக்கு இயற்கையாகவே கழுத்து இருக்கும்போது ஓட்டை எதற்கு? கொஞ்சம் மினுமினுப்பு வேண்டுமென்றால் சாந்தினி சௌக் கினாரி பஜாரில் கிடைக்கும் கோட்டா ஜரிகையில் ஒரு மீட்டர் போதும்.

ஜிகினா உதிர்வதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. ஒரு பங்கு தண்ணீருக்கு மூன்று பங்கு பசை கலந்து மேலே பூசினால் குறையும். பொங்கலுக்குப் பால் பொங்கும்போதும் யாராவது ஒருவர் கன்னத்தில் ஒரு மின்னல் இருக்கும்.

"போன வருஷம் எடுத்து வைத்தது, இந்த வருஷம் அரித்திருக்கிறது"

மைதாப் பசையில் ஒட்டியிருப்பீர்கள். மாவும் காகிதமும் சேர்ந்தால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் கல்யாண விருந்து. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டாம். வெள்ளைப் பசையில் ஒட்டியதை ஆடி, ஆவணி ஈரத்திலிருந்து காப்பாற்றினால் போதும். மூடி இறுகும் எவர்சில்வர் சம்படம், உள்ளே செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு. பெயின்ட் அடித்த முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் பட்டர் பேப்பர்.

"எடுத்தது பழைய பசிலே இல்லை"

இதற்குப் பசையும் கிடையாது, உப்புத்தாளும் கிடையாது. போன வருஷம் அலமாரி மேலிருந்து ஒரு பையை இறக்கிக் கொட்டினோம். துண்டுகள் புதிது மாதிரி இருக்கின்றனவே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது என் வீட்டுக்காரர் மூன்று மாதமாகப் பாதி அடுக்கி, விருந்தாளிகள் வந்ததால் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த 1000 துண்டு மதுரைக் கோபுரம். அவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் 40 துண்டுக்குப் பச்சை அடித்தாகிவிட்டது. அக்ரிலிக் காய்ந்தால் தண்ணீரில் போகாது. தண்ணீரில் ஊற வைத்தால் என்ன ஆகும் என்றுதான் மேலே சொன்னேனே.

இப்போது எந்தப் பையாக இருந்தாலும் வெளியே மார்க்கரில் எழுதி வைக்கிறேன்: எத்தனை துண்டு, எத்தனை காணோம், யாருடையது, வெட்ட அனுமதி உண்டா. கோபுரத்தைப் பொங்கல் விடுமுறையில் அவர் அடுக்கி முடித்தார். வலது பக்க வானத்தில் பச்சையாக ஒரு மரம் நிற்கிறது. கலசத்துக்குப் பக்கத்துத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. அது சிவப்பு மூக்காக மூன்றாம் மாடி வீட்டு மானில் இருக்கிறது, அவருக்கு இன்னும் தெரியாது.